தோல் விவகாரம்: எலுமிச்சைச் சொறியின் மரியாதை கெட்ட வரலாறு

வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை பாலாற்றங்கரையில் பிழைக்கிறவர்களுக்கு ஒரு விஷயத்தில் யாரும் பாடம் எடுக்க வேண்டாம். உலகம் தோலைப் பார்த்துத்தான் விலை போடும். ஆட்டுத்தோலை மேசைமேல் விரித்து, வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பினால் கிரேடு போடுகிறவரின் விரல் நகர ஆரம்பிக்கும். இங்கே அம்மைத் தழும்பு, அங்கே உண்ணிக் கடி, ஓரத்தில் முள்கம்பிக் கீறல், தொடைப் பக்கம் சூடு போட்ட வடு. ஆடு நல்ல ஆடா, அதன் குணம் எப்படி என்பதெல்லாம் கணக்கிலேயே வராது. செகண்ட்ஸ், தேர்ட்ஸ், அதற்கும் கீழே ரிஜெக்‌ஷன். ஆட்டின் வாழ்க்கை வரலாறு அவ்வளவுதான்.

அதே மேசையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வையுங்கள். மேலே பழுப்பு நிறத்தில் சொரசொரப்பான புள்ளிகள். ஓரம் மேடு தட்டி, நடுவில் குழி விழுந்திருக்கும். இலையாக இருந்தால் புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையமும் உண்டு. அறுத்துப் பிழிந்தால் சாறு அதே சாறு, புளிப்பு அதே புளிப்பு. மனித உடம்புக்கு ஒரு கெடுதலும் கிடையாது. ஆனாலும் மண்டியில் அது செகண்ட்ஸ்தான். விவசாயி இதைச் சொறி என்பார். அதிகாரி பாக்டீரியா சொறி நோய் என்பார். மருந்துக்கடைக்காரர் கேங்கர் என்று சொல்லிக்கொண்டே ஒரு பொட்டலத்தை எடுத்து பில் போட்டுவிடுவார். இந்தச் சொறிக்காக உலகத்தில் நடந்த கூத்துகளை வரிசையாகச் சொன்னால், பழத்தை விட்டுவிட்டு மனிதர்களுக்கு கிரேடு போடத் தோன்றும். போடுவோம்.

கோட்டையில் முதல் பாடம்

மேல்தோற்றத்தைத் திருத்தினால் உள்ளே எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை வேலூருக்குப் புதிதில்லை. 1805-06இல் சென்னை ராணுவத்தின் தளபதி சர் ஜான் கிரடாக் சிப்பாய்களை அழகுபடுத்தக் கிளம்பினார். அணிவகுப்பில் நெற்றிக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது. தலையில் புது மாதிரித் தலைப்பாகை, அதில் தோலில் செய்த ஒரு குஞ்சம். எந்த மிருகத்தின் தோல் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. சிப்பாய்களுக்குத் தோன்றியது. 1806 ஜூலை 10 அதிகாலையில் கோட்டை ரணகளமானது. அடங்கியபின் கிரடாக்கையும் கவர்னர் வில்லியம் பென்டிங்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. வேலூர் வட்டாரம் தோல் ஏற்றுமதியில் புகழ்பெறுவதற்கு முன்பே, தோலை முன்னிட்டு ஒரு தளபதியையும் ஒரு கவர்னரையும் ஏற்றுமதி செய்திருக்கிறது.

இதற்கும் எலுமிச்சைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். சொறியின் வரலாறு முழுக்கக் கிரடாக்குகள்தான்.

அலமாரியில் ஒரு சாட்சி

அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. எந்தச் செடியைக் கண்டாலும் ஒரு கிளையை ஒடித்து, காயவைத்து, காகிதத்தில் ஒட்டி, பெயரெழுதிக் கப்பலேற்றிவிடுவார்கள். 1827க்கும் 1831க்கும் நடுவே டேராடூன் பக்கம் அப்படி ஒடித்த ஒரு கிளை சிட்ரஸ் மெடிக்கா, அதாவது நார்த்தை வகை. இலையில் சொறி இருந்தது. ஒட்டியவர் அதைப் பார்க்கவில்லையோ, பார்த்தும் பெரிய மனதோடு விட்டுவிட்டாரோ, கிளை இங்கிலாந்து போய்ச் சேர்ந்து கியூ தோட்டத்து அலமாரியில் படுத்துக்கொண்டது. வாடகை கிடையாது, விசாரணை கிடையாது. நூறு வருடம் நிம்மதியான தூக்கம்.

நோய் அதைவிட ரொம்பப் பழசு. மொரீஷியஸில் 1937இல் பறித்துக் காயவைத்த ஓர் இலையிலிருந்து இந்த பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியை மீட்டெடுத்த ஆய்வாளர்கள் 2021இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். இது தெற்காசியாவில் சுமார் 11,500 ஆண்டுகளுக்கு முன் தோன்றியதாம். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளைகிளையாகப் பிரிந்ததாம். நம் பக்கத்துச் சம்புவராயர்கள் சோழருக்கு அடங்கி இருப்பதா, தனிக்கடை போடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. பாக்டீரியா அதிகம் யோசிக்கவில்லை. பிரிந்து, பரவி, குடும்பம் பெருக்கிக்கொண்டது.

அது வேலை செய்கிற விதத்தைப் பார்த்தால் கொஞ்சம் மரியாதையே வந்துவிடும். முற்றிய இலையை அது சீண்டாது. இளந்தளிரும் பிஞ்சும்தான் குறி. காற்றோடு சாய்ந்தடிக்கும் மழைத்துளியில் ஏறி வந்து, இலையின் சுவாசத் துளை வழியாக நுழையும். எலுமிச்சை தன் முள்ளாலேயே தன்னைக் கீறிக்கொண்ட காயம் கிடைத்தால் இன்னும் சௌகரியம். உள்ளே போனதும் பிடிஎச்ஏ என்ற புரதத்தை மரத்தின் செல்லுக்குள் செலுத்தும். மேலிடத்துக் கையெழுத்தும் முத்திரையும் அச்சு அசலாக உள்ள போலி அரசாணை அது. 'பெறுநர் உடனே வீங்கவும்' என்று அதில் உத்தரவு. செல்கள் கேள்வி கேட்காமல் வீங்கும். மேல்தோல் வெடிக்கும், வெடிப்பு தக்கையாக இறுகும், உள்ளே பெருகிய கூட்டம் அடுத்த மழைக்கு வாசலில் வந்து நிற்கும்.

கதவைத் திறந்துவிட ஓர் ஆளும் உண்டு. இலைத் துளைப்பான் என்ற சின்னப் புழு. தளிரின் மேல்தோலுக்கு அடியிலேயே வெள்ளிக்கோடு மாதிரி வளைந்து வளைந்து சுரங்கம் தோண்டும். அந்தச் சுரங்கம் முழுக்க பாக்டீரியாவுக்குத் திறந்த வீடு. இந்தப் பூச்சியை முதன்முதலில் விவரித்துப் பெயர் வைத்தவர் ஸ்டெயின்டன். வருடம் 1856, மாதிரி கிடைத்த ஊர் கல்கத்தா. ஆக, திருடனும் நம்ம ஆள், கன்னக்கோல் போட்டுக் கொடுத்தவனும் நம்ம ஆள்.

தீ வைத்துக் குணப்படுத்தல்

1910ஐ ஒட்டி அமெரிக்காவின் வளைகுடா ஓரத்து மாநிலங்களுக்கு ஜப்பானிலிருந்து மூவிலை ஆரஞ்சு நாற்றுகள் வந்து இறங்கின. ஒட்டுக் கட்டுவதற்கான அடிக்கன்றுகள். நாற்றோடு சொறியும் டிக்கெட் எடுக்காமல் இறங்கியது. இது பூஞ்சாணம்தான் என்று விஷயம் தெரிந்தவர்கள் முதலில் எழுதி வைத்தார்கள். பூஞ்சாணத்துக்கு உண்டான மருந்தை அடித்தார்கள். சொறி அதில் குளித்துவிட்டு மேலும் பரவியது.

1915இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த க்ளாரா ஹேஸ், கிருமியைப் பிரித்தெடுத்து வளர்த்து, நல்ல செடிக்கு ஏற்றி, அதே நோயை வரவழைத்து, மறுபடி அதே கிருமியைப் பிரித்துக் காட்டி, இது பாக்டீரியா என்று நிரூபித்தார். செடிக்கு பாக்டீரியாவால் நோய் வருமா என்பதற்கே முந்தின தலைமுறையில் அமெரிக்கர் எர்வின் ஸ்மித்தும் ஜெர்மானியர் ஆல்ஃபிரட் ஃபிஷரும் வருடக்கணக்கில் காகிதச் சண்டை போட்டிருந்தார்கள். ஹேஸ் சண்டை எதுவும் போடவில்லை. ஒரு கட்டுரை எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுக்க ஓட்டுரிமை வர அப்போது இன்னும் 5 வருடம் இருந்தது. கிருமியைக் கண்டுபிடிக்க அனுமதி உண்டு, ஜனாதிபதியைக் கண்டுபிடிக்கத்தான் கிடையாது.

கிருமி யாரென்று தெரிந்ததும் ஃபுளோரிடா அதே 1915இல் மாநிலத் தாவர வாரியம் என்று ஒன்றை அமைத்தது. வாரியம் யோசித்துக் கண்டுபிடித்த வைத்தியம் நெருப்பு. மண்ணெண்ணெயைப் பீச்சி மரத்தை நின்ற இடத்திலேயே கொளுத்தினார்கள். வேலையாட்கள் ஒரு தோப்பிலிருந்து அடுத்த தோப்புக்குப் போகுமுன் கிருமிநாசினியில் தங்களைக் கழுவிக்கொண்டார்கள். தோப்பு மரங்கள் இரண்டரை லட்சத்துக்கு மேல், நாற்றங்கால் கன்றுகள் 30 லட்சத்துக்கு மேல் சாம்பலாயின. நோயாளி யாரும் பிழைக்கவில்லை, ஆனால் நோய் போய்விட்டது.

ஆஸ்திரேலியர்கள் இன்னும் சுருக்கமாக யோசிப்பவர்கள். 1912இல் டார்வின் பக்கம் சொறி தெரிந்தது. வரைபடத்தை விரித்து, தெற்கு அட்சரேகை 19 பாகையில் ஸ்கேலை வைத்து ஒரு கோடு கிழித்து, வடக்குப் பிரதேசத்தில் அந்தக் கோட்டுக்கு மேலே ஓர் எலுமிச்சை இனத்து மரம் கூட இருக்கக் கூடாது என்றார்கள். 1923க்குள் முடித்தும் விட்டார்கள். அட்சரேகை 19இன் வடக்குப் பக்கம் பிறந்ததைத் தவிர வேறு குற்றம் செய்யாத மரங்களும் அதில் போயின. 2004இல் குவீன்ஸ்லாந்தில் எமரால்ட் என்ற ஊரில் சொறி மறுபடி தலைகாட்டியது. 2018இல் டார்வினிலேயே வந்து நின்றது. கோடு கிழித்தது மனிதர்களுக்குத் தெரியும், பாக்டீரியாவுக்கு யாரும் வரைபடத்தைக் காட்டவில்லை.

1933இல் சொறியை ஒழித்துவிட்டதாக ஃபுளோரிடா அறிவித்தது. அதே 1933இல் கலிஃபோர்னியாவின் ஹாவர்ட் ஃபாசெட்டும் வேளாண் துறையின் அன்னா ஜென்கின்ஸும் பழைய இலைத் தொகுப்புகளைப் புரட்டிப் பார்த்த முடிவை வெளியிட்டார்கள். அதில்தான் டேராடூன் கிளை எழுந்து உட்கார்ந்தது. 1840களில் ஜாவாவில் பறித்த எலுமிச்சை இலையிலும் சொறி இருந்தது. சீனாவிலிருந்து வந்தது, ஜப்பானிலிருந்து வந்தது என்று அதுவரை விரல் நீட்டிய திசையெல்லாம் மாறி, இந்தியாவையும் ஜாவாவையும் காட்டியது. லட்சக்கணக்கான மரத்தைக் கொளுத்தித் தேடிய குற்றவாளியின் பூர்விகம், கொளுத்தத் தொடங்குவதற்கு 80 வருடம் முன்பே லண்டனில் ஒரு காகிதத்தில் ஒட்டியிருந்தது.

பெயரும் ஊரும்

கிருமிக்கு ஹேஸ் வைத்த பெயர் சூடோமோனாஸ் சிட்ரி. 1939இல் அது சாந்தோமோனாஸ் சிட்ரி ஆனது. 1978இல் சாந்தோமோனாஸ் கம்பெஸ்ட்ரிஸ் என்ற கூட்டுக் குடும்பத்தில் ஒரு திண்ணையைக் கொடுத்து உட்காரவைத்தார்கள். 1989இல் பழைய பெயரே தேவலை என்று ஒரு குழு சொன்னது. 1995இல் இல்லை, ஆக்ஸோனோபோடிஸ் என்றது இன்னொன்று. பிறகு சுற்றிச் சுற்றி மறுபடி சிட்ரிக்கே வந்தார்கள்.

வேலூர்க்காரர்களை இது அசைக்காது. வட ஆற்காடாக இருந்தோம். அதே 1989இல் இரண்டாகப் பிரிந்து வட ஆற்காடு அம்பேத்கர் ஆனோம், அப்புறம் வேலூர் ஆனோம். 2019இல் மூன்றாகி, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. பெயர்ப்பலகை மாறினாலும் தாலுகா ஆபீஸ் வரிசை குறையவில்லை. கிருமியின் பெயர் மாறினாலும் இலையில் புள்ளி குறையவில்லை.

இந்தியாவில் சொறியின் முதல் பதிவு 1942, பஞ்சாப், லூத்ராவும் சத்தாரும் எழுதியது என்று பாடநூல்கள் சொல்லும். பதினோராயிரத்துச் சொச்சம் வருடம் வீட்டிலேயே இருந்தவருக்கு ரேஷன் கார்டு கிடைத்த வருடம் என்று அதைப் புரிந்துகொள்ளலாம். அடுத்த இருபது வருடத்தில் மாகாணம் மாகாணமாக 'எங்கள் ஊரிலும் உண்டு' என்று அறிக்கைகள் வந்தன. கொளுத்த யாரும் கிளம்பவில்லை. நாடு முழுக்க இருப்பதைக் கொளுத்தினால் நாட்டில் ஊறுகாய்க்குப் பழம் இருக்காது என்ற பொது அறிவுதான் காரணம். பழத்தை எட்டாக நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் குலுக்கியபின் எந்தத் துண்டில் சொறி இருந்தது என்று எந்த அமெரிக்க நிபுணராலும் சொல்ல முடியாது.

திருடர்கள் தந்த மருந்து

சும்மா இருந்துவிடலாம் என்று அர்த்தமில்லை. சொறி முற்றினால் இலை கொட்டும், குச்சி காயும், பிஞ்சு உதிரும். நம் நாட்டு எலுமிச்சை இதற்கு ரொம்பவே இளகிய மனசுக்காரி. மழைக்கு முன் கவாத்து செய்து, சொறி பிடித்த குச்சிகளை வெட்டிக் கொளுத்துவது முதல் வேலை. மரத்தையே கொளுத்துவதற்கும் குச்சியைக் கொளுத்துவதற்கும் உள்ள வித்தியாசம்தான் ஃபுளோரிடாவுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம். தளிர் விடும்போது லிட்டருக்கு 3 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு தெளிக்கலாம், அல்லது 1 சதவீத போர்டோ கலவை.

போர்டோ கலவையும் மேல்பூச்சு விவகாரத்தில் பிறந்ததுதான். பிரான்சில் மெடோக் பகுதிச் சாலையோரத் தோட்டங்களில் வழிப்போக்கர்கள் திராட்சையைப் பறித்துத் தின்பதைத் தடுக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து கொடியில் நீலமாகப் பூசி வைத்திருந்தார்கள். பார்த்தாலே விஷம் என்று தோன்ற வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். 1882இல் அந்தப் பக்கம் போன பேராசிரியர் மில்லார்டே, பூசிய கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லாததைக் கவனித்தார். 1885இல் செய்முறையை வெளியிட்டார். பயிர்களைக் காத்த மாபெரும் மருந்துக்காக மில்லார்டேக்குப் பெயர் கிடைத்தது. திராட்சைத் திருடர்களுக்கு ஒரு நன்றிக் கடிதம் கூடப் போகவில்லை.

ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியே கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. தீட்டிய கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கி எடுத்தால் செம்பு படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். டேனரியில் வேலை பார்க்கிறவருக்கு இதில் பாதி ஏற்கெனவே அத்துப்படி. தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு முடியை உதிர்ப்பதிலிருந்துதான் அவர் தொழிலே தொடங்குகிறது. கையில் பிசுபிசுப்பு பட்டால் தெரியும்: "பாய், சுண்ணாம்பு பத்தல." அதே வாக்கியத்தை எலுமிச்சைத் தோட்டத்திலும் சொல்லலாம்.

சொறியை ஓரளவு தாங்கும் ரகங்களும் உண்டு. அதில் ஒன்று திருப்பதி பக்கத்து ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்த 'பாலாஜி'. வேலூரிலிருந்து மலைக்குப் போகிறவர்கள் லட்டோடு நாற்றையும் விசாரித்து வரலாம்.

கொல்லைப்புறத்தில் போலீஸ்

1995இல் ஃபுளோரிடாவின் மியாமியில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சொறி மறுபடி கிளம்பியது. இரண்டு வருடம் முன்புதான், 1993இல், இலைத் துளைப்பான் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. கன்னக்கோல் முதலில், திருடன் பின்னால். நோயுள்ள மரத்தைச் சுற்றி 125 அடிக்குள் இருப்பதை வெட்டு என்று முதலில் உத்தரவு. போதவில்லை, 1,900 அடி ஆக்கினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மரத்துக்குச் சொறி வந்தால் சுற்றிலும் 260 ஏக்கரில் உள்ள எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி எல்லாவற்றுக்கும் மரண தண்டனை. அதிகாரிகள் வீட்டுக் கொல்லைகளில் ரம்பத்தோடு இறங்கினார்கள். ஜனங்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். போன மரத்துக்கு ஈடாக அரசாங்கம் நீட்டியது 100 டாலர் வால்மார்ட் கூப்பன். பாட்டி நட்ட மரத்துக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிக்கொள்ளலாம்.

அந்தக் களேபரத்தின் நடுவே 2000இல் அதே மாநிலத்தில் வெல்லிங்டன் என்ற ஊரில் எலுமிச்சையை மட்டும் பிரியமாகத் தாக்கும் ஒரு தனி வகைச் சொறி அகப்பட்டது. விசாரித்ததில் மரபணு இந்தியாவைக் காட்டியது. எந்தப் பெட்டியில், யாருடைய ஊறுகாய் ஏக்கத்தில் போய்ச் சேர்ந்ததோ, விசா இல்லாமல் ஃபுளோரிடாவில் குடியேறிய இந்தியர் பட்டியலில் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

2006 ஜனவரியில் ஒழிப்புத் திட்டத்தையே கைவிட்டார்கள். 2004, 2005இன் சூறாவளிகள், கடைசியாக வில்மா, பாக்டீரியாவை ரம்பம் எட்டாத தூரத்துக்கெல்லாம் கொண்டு போய் விதைத்திருந்தன. அதற்குள் வெட்டி முடித்தது 1.6 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள். 2005 ஆகஸ்டில், எல்லோரும் தோலில் புள்ளி எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், கிரீனிங் என்ற வேறொரு நோய் ஃபுளோரிடாவில் அகப்பட்டது. அது தோலோடு நிற்கவில்லை, மரத்தின் உணவுக் குழாய்க்குள் போய் உட்கார்ந்து உள்ளிருந்தே கொன்றது. 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டிக்கு மேல் ஆரஞ்சு விளைந்த மாநிலம், 2024-25இல் சுமார் 1.2 கோடிப் பெட்டியில் வந்து நின்றது. 90 வருடம் மேல்தோலைக் காவல் காத்தார்கள். வீட்டுக்காரர் போனது உள்ளே வந்த நோயால்.

ஆற்றங்கரையில் கிரேடு

சிரித்துவிட்டு நம் கரைக்கு வருவோம். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட காலம் போய், 1900களின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் செய்துகாட்டிய குரோம் பதனிடுதல் பின்னாளில் பாலாற்றங்கரையைப் பிடித்துக்கொண்டது. தோல் பளபளத்தது. தழும்பு இருந்தால் உரசி, பூச்சுப் பூசி, இயந்திரத்தில் அழுத்திப் புதுத் தோல் வரவழைக்கிற வித்தையும் கைவந்தது. எலுமிச்சைக்குக் கிடைக்காத பாக்கியம் அது.

தோல் மினுங்க மினுங்க, கழிவு நீர் போன பக்கம் கிணறு கெட்டது. 1991இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு வந்தது. தோல் தொழிற்சாலை வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்ற வேளாண் பல்கலைக்கழக வேலூர் மையத்தின் கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் அபராதம் 10,000 ரூபாய். நல்ல ஏற்றுமதி ஷூ ஒன்றிரண்டு ஜோடியின் விலை இது. அந்தத் தீர்ப்பு சுற்றுச்சூழல் சட்டப் பாடங்களில் எல்லாம் இடம் பிடித்தது. கிணற்றுத் தண்ணீர் பாடம் படிக்கவில்லை. 2025 ஜனவரி 30இல் அதே உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது.

இப்போது கிரேடு போடலாம். பழத்தின் மேல் புள்ளி விழுந்ததற்கு ஓர் அரசாங்கம் தீயெடுத்தது, இன்னொன்று ஸ்கேலெடுத்தது, ரம்பம் வந்தது, கூப்பன் வந்தது. பழம் மட்டும் கடைசி வரை பிழியத் தகுந்ததாகவே இருந்தது. மரம் நிற்கிற மண்ணே உப்பானதற்கு எந்த வட்டமும் போடவில்லை, ஓர் அடி அளவும் குறிக்கவில்லை. காரணம் எளிது: மண்ணை ஏற்றுமதி செய்வதில்லை, அதைத் திருப்பிப் பார்க்க வெளிநாட்டு வாங்குபவர் வரமாட்டார். ஆகவே சொறிக்கு அளவு சொன்ன மருந்து இருக்கிறது: ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். மண்ணுக்கும் மருந்து எழுதியாகிவிட்டது: ஒரு தீர்ப்பு, ஓர் ஆணையம், 28 வருடம், இன்னொரு தீர்ப்பு, ஒரு கமிட்டி. கலக்கிக்கொண்டே இருக்கிறார்கள். கத்தியை முக்கிப் பார்க்கத்தான் இன்னும் யாரும் வரவில்லை.